பீடம் வரை போகாத சாய்தளம்: வழிபாட்டு இடங்களுக்கான அணுகல் கருவிகள், ஒரு மதிப்பீடு

தேவாலயங்களுக்கும் யூதத் தொழுகைக்கூடங்களுக்கும் விற்கப்படும் அணுகல் கருவிகளின் விளம்பரப் படங்களில் சாய்தளம் பெரும்பாலும் வெளிவாசலில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வருபவர் உள்ளே நுழைவதோடு படம் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அவர் எங்கே உட்காருகிறார், பீடத்துக்குப் போக முடிகிறதா, யூத வேதமான தோராவை வாசிக்கும் பீமா எனப்படும் மேடையில் அவர் பெயர் அழைக்கப்பட்டால் என்ன செய்வார் என்பது எதிலும் இல்லை. சபைகளும் அப்படியே வாங்கி அப்படியே நிறுத்திக்கொள்கின்றன. வாசலில் சாய்தளம் போட்டாயிற்று, பீடத்துக்கு மூன்று படி அப்படியே நிற்கிறது.

அதனால் இங்கே ஒவ்வொரு பொருளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறோம். வந்தவரைப் பார்வையாளராக உட்கார வைக்கிறதா, அல்லது வாசகம் வாசிக்க, ஜெபம் நடத்த, திருவிருந்து பரிமாற விடுகிறதா? முதலாவது மட்டும்தான் நடக்கிறது என்றால் அது பாதி வேலை.

அளவுகளைப் பற்றி முன்கூட்டியே ஒன்று சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடை, ஓட்டல், திரையரங்கு எல்லாவற்றையும் கட்டுப்படுத்துகிறது. பொது இடங்கள் பற்றிய அதன் பகுதியிலிருந்து மத அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் 2010இல் வெளியான வடிவமைப்பு அளவுகள் தெளிவானவை, எங்கே கட்டினாலும் கைகொடுப்பவை. கீழே வரும் சாய்தள, இருக்கை அளவுகள் அதிலிருந்து எடுத்தவை. உங்கள் நாட்டுக் கட்டட விதி இதைவிடக் கண்டிப்பாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மேடைக்கு ஏறுவது

ஒரு படி 15 செ.மீ. என்றால் மூன்று படி 45 செ.மீ. சாய்தளத்துக்கு 1:12 சரிவுதான் உச்சவரம்பு. அதாவது 45 செ.மீ. ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். அடியிலும் உச்சியிலும் ஒன்றரை மீட்டர் சமதளம் சேர்த்தால் 8.4 மீட்டர். இந்தக் கணக்கைப் பார்த்ததும் பல சபைகள் திகைத்துப்போய் மடிக்கும் அலுமினியச் சாய்தளத்தை வாங்கிவிடுகின்றன. அங்கேதான் ஆபத்து. 1.8 மீட்டர் நீளமுள்ள மடிப்புச் சாய்தளத்தை 45 செ.மீ. மேடையில் சாய்த்தால் சரிவு 1:4 ஆகிவிடும். அந்தச் சரிவில் கையால் உருட்டும் சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பும், ஆள் மல்லாக்க விழுவார். மோட்டார் நாற்காலி என்றால் பின்னால் கவிழாமல் இருக்கப் பொருத்திய குட்டிச் சக்கரங்கள் சரிவின் அடியில் தரையில் முட்டி, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் வண்டி நின்றுவிடும். பின்னாலிருந்து இரண்டு பேர் பிடித்துத் தள்ளுவதைத் தீர்வு என்று சொல்லாதீர்கள். ஒருவரைச் சபை முழுக்கப் பார்க்க மூட்டைபோல் மேலேற்றுவது மரியாதை ஆகாது.

மடிப்புச் சாய்தளம் ஒற்றைப் படிக்குச் சரி. 15 செ.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர், கச்சிதமாக 1:12. வாங்கும்போது தாங்கும் எடையைப் பாருங்கள். மோட்டார் நாற்காலி தனியாகவே 100 கிலோவைத் தாண்டக்கூடும். ஆளையும் சேர்த்தால் 200 எளிதில் கடக்கும். 300 கிலோவுக்குக் குறைந்ததை வாங்க வேண்டாம். கம்பளத்தின் மேல் போட்டால் மேல்முனை நழுவும். அந்த முனையைப் பிணைக்கும் ஊசியோ பட்டையோ பெட்டியில் வந்திருக்கும், அதை மாட்டாமல் விடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

நிரந்தரச் சாய்தளம் கட்டுவதானால் கைப்பிடிகளுக்கு இடைப்பட்ட அகலம் குறைந்தது 91.5 செ.மீ. ஏற்றம் 15 செ.மீ.க்கு மேல் போனால் இருபுறமும் கைப்பிடி, தரையிலிருந்து 86.5 முதல் 96.5 செ.மீ. உயரத்தில். ஒரே ஓட்டத்தில் 76 செ.மீ.க்கு மேல் ஏற்றக்கூடாது, நடுவே சமதளம் வேண்டும். நேராக இடமில்லை என்றால் எல் வடிவில் மடக்கலாம். மடங்கும் இடத்தில் ஒன்றரைக்கு ஒன்றரை மீட்டர் தளம் விடுங்கள்.

செங்குத்தாக ஏறும் மேடை லிஃப்டைப் பற்றி எங்களுக்குக் கலப்பான கருத்துதான். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான மேடைக்கு வேறு வழி அநேகமாக இல்லை. ஆனால் இதில் பல வகைகளுக்குப் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலில் வலுவில்லாதவருக்கு அது நடக்காது, பெரிய உள்ளங்கைப் பொத்தான் அல்லது ஜாய்ஸ்டிக் கேட்டு வாங்க வேண்டும். சாவி போட்டால்தான் இயங்கும் வகையில் அந்தச் சாவி கோவில்பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கும், அவர் அன்று ஊரில் இருக்க மாட்டார். பூஜாடித் தாங்கிகளை அடுக்கி வைக்க லிஃப்ட் தோதான இடமாகவும் மாறிவிடும். சோதனை எளிது: யாரையும் கூப்பிடாமல் ஒருவர் தானாக ஏறி இறங்க முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த லிஃப்ட் இருந்தும் இல்லாததுதான்.

எங்கள் முதல் பரிந்துரை இரண்டுமே இல்லை. வாசக மேடையைத் தரைக்கு இறக்குங்கள். மக்களோடு ஒரே தளத்தில் வாசக மேசை இருந்தால் சாய்தளமே தேவைப்படாது. ஒரு நிபந்தனை உண்டு: எல்லோரும் அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும். மற்றவர்கள் மேலிருந்தும் சக்கர நாற்காலிக்காரர் மட்டும் கீழிருந்தும் வாசித்தால் அது ஒதுக்கல்தான், வேறு பெயர் வைக்க வேண்டியதில்லை.

மேசையையும் கவனியுங்கள். நின்றுகொண்டு படிக்கச் செய்த மேசை உட்கார்ந்திருப்பவருக்குச் சுவர். மேற்பரப்பு 71 முதல் 86.5 செ.மீ.க்குள் இறங்க வேண்டும். அடியில் முழங்கால் நுழைய 68.5 செ.மீ. உயரம், 76 செ.மீ. அகலம், 43 செ.மீ. ஆழம் வேண்டும். முன்பக்கம் பலகை அடித்து மூடிய மேசை இந்த ஒரு காரணத்தாலேயே தேறாது. உயரம் மாற்றும் மேசைகளில் மின்மோட்டார் வகை சொகுசானது. ஆனால் ஓய்வுநாளில் மின்சாரத்தை இயக்காத யூதக் கூடங்களுக்குக் கைச்சுழற்றி வகைதான் பொருந்தும். தோராச் சுருள் பல கிலோ எடையுள்ளது, அதனால் சாய்ந்த மேசையின் கீழ்விளிம்பில் தடுப்புக்கட்டை இல்லாவிட்டால் உயரம் மாற்றும்போது வழுக்கும். தோராவுக்கு அழைக்கப்பட்டவர் தன் ஜெபச் சால்வை நுனியால் சுருளைத் தொட்டு முத்தமிட்டு ஆசிமொழி சொல்ல வேண்டும். ஆகவே கை எட்டும் தூரத்தையும் உட்கார்ந்தே அளந்து பாருங்கள்.

இவ்வளவு தூரம் மேடையையே பிடித்துத் தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. லேவியராகமம் 21ஆம் அதிகாரம் உடற்குறை உள்ள ஆசாரியரைப் பலிபீடத்தண்டை வரவிடவில்லை. பரிசுத்தமான அப்பத்தை உண்ணலாம், கிட்டே வரக்கூடாது என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பிலும் உடற்குறையால் பீடப்பணியைப் பத்திரமாகவோ பாங்காகவோ செய்ய இயலாதவருக்குக் குருத்துவத் தடை இருந்தது. 1983 தொகுப்பில் அது இல்லை. இன்று எழுத்தில் தடை போய்விட்ட இடங்களில் அந்தத் தடையைப் படிக்கட்டுகள் சத்தமில்லாமல் காத்துக்கொண்டிருக்கின்றன.

யூத மரபுக்குள்ளேயே இதற்கு ஒரு நல்ல பதில் இருக்கிறது. கையில் தழும்போ நிறமாற்றமோ உள்ள ஆசாரியர் கைகளை உயர்த்தி ஆசீர்வதிக்கக்கூடாது, மக்கள் அவர் கையையே பார்ப்பார்கள் என்கிறது பழைய யூதச் சட்டத்தொகுப்பான மிஷ்னா. அதன் விரிவுரையான தால்மூத் அதை விவாதிக்கும்போது, அவர் தன் ஊருக்குப் பழகியவர் என்றால் ஆசீர்வதிக்கலாம் என்கிறது. ஒரு கண் பார்வையில்லாத ஆசாரியர் ரபி (யூத மதபோதகர்) யோகனான் வாழ்ந்த பகுதியில் அப்படி ஆசீர்வதித்தார் என்று உதாரணமும் சொல்கிறது. பிற்காலச் சட்டநூலான ஷுல்கான் அருக் பழகுவதற்கு 30 நாள் கணக்குச் சொல்கிறது. அத்தோடு, எல்லா ஆசாரியர்களும் முகத்தையும் கையையும் சால்வையால் மூடிக்கொண்டு ஆசீர்வதிப்பது அந்த ஊர் வழக்கம் என்றால் கேள்வியே எழாது என்கிறது. ஒருவருக்காக மட்டும் ஏற்பாடு செய்யாமல் எல்லோரும் மூடிக்கொள்வது. தரைக்கு இறக்கிய வாசக மேடையும் இதே வகைதான்.

இருக்கை பற்றிச் சுருக்கமாக: ஒரு சக்கர நாற்காலிக்கு 91.5 செ.மீ. அகலம், முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ நுழைந்தால் 122 செ.மீ. ஆழம், பக்கவாட்டில் நுழைந்தால் 152.5 செ.மீ. கடைசி வரிசைக்குப் பின்னால் எல்லா இடத்தையும் ஒதுக்காதீர்கள். முன்னே, நடுவே, பின்னே என்று பெஞ்சுகளைக் குட்டையாக்கி இடம் விடுங்கள். பக்கத்தில் கூட வந்தவருக்கும் நாற்காலி இருக்கட்டும். எல்லோரும் எழுந்து பாடும்போது நடுவில் உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுகள்தான் தெரியும். முன்வரிசையில் ஓர் இடமாவது கட்டாயம் என்பது இதனால்தான்.

காது: இந்த மதிப்பீட்டிலேயே சிறந்த பொருளும், அதிகம் வீணாகும் பொருளும்

ஹியரிங் லூப் என்பது தரையோரம் ஓடும் ஒரு கம்பிச்சுற்று. மைக்கின் ஒலி தனி ஆம்ப்ளிஃபயர் வழியாக அந்தக் கம்பியில் மின்னோட்டமாகப் பாய்ந்து காந்தப்புலத்தை எழுப்பும். காதுக்கருவியில் உள்ள டி-காயில் என்ற சிறு சுருள் அதைப் பிடித்து நேரே காதுக்குத் தரும். உயர்ந்த கூரையின் எதிரொலி, குழந்தையின் அழுகை, மின்விசிறிச் சத்தம் எல்லாம் நடுவிலிருந்து கழன்றுவிடும். எந்தப் பெட்டியையும் போய்க் கேட்டு வாங்க வேண்டாம், யாரிடமும் தன் குறையைச் சொல்ல வேண்டாம். காதுக்கருவியில் ஒரு பொத்தான், அவ்வளவே. கண்ணியம் என்ற அளவுகோலில் இதற்கு நிகர் வேறில்லை.

ஆனால் சரியாகப் போட்டால்தான். இதற்கு ஐ.இ.சி. 60118-4 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. உச்சத்தில் புலவலிமை மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர். 100 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை 1000 ஹெர்ட்ஸோடு ஒப்பிட்டால் 3 டெசிபெலுக்கு மேல் ஏற்றத்தாழ்வு கூடாது. உட்கார்ந்திருப்பவரின் காது உயரமான 1.2 மீட்டரிலும் நிற்பவருக்கு 1.7 மீட்டரிலும் அளக்க வேண்டும். நிறுவுபவர் புலவலிமை மீட்டரோடு வந்து இருக்கை வாரியாக அளந்து எழுதித் தருகிறாரா? தரமாட்டேன் என்றால் அவரிடம் வாங்காதீர்கள். "கேட்குதா, கேட்குதா" என்று ஒருவரை உட்கார வைத்துச் சோதிப்பது அளவீடு ஆகாது.

என்னென்ன கெடும்? கான்கிரீட்டுக்குள் உள்ள இரும்புக்கம்பி காந்தப்புலத்தை விழுங்கும், அதிலும் உயர் அலைவரிசைகளை அதிகமாக விழுங்கும். அதனால் குரல் கேட்கும், சொல் விளங்காது. 'ச', 'ஸ' போன்ற எழுத்துகள் மழுங்கிப்போகும். பெரிய கூடத்தில் சுவரோரம் ஒரே சுற்று போட்டால் நடுவில் புலம் வலுவிழக்கும். இந்த இரண்டுக்கும் மருந்து, இரண்டு சுற்றுகளைக் கட்டம் மாற்றி ஓட்டும் வரிசை அமைப்பு. விலை கூடுதல், ஆனால் இரும்பு நிறைந்த கட்டடத்தில் சிக்கனம் பார்த்தால் மொத்தப் பணமும் போகும். விளக்கு மங்கலாக்கும் டிம்மரும் பழைய வயரிங்கும் ஓயாத முனகலாகக் காதுக்குள் வரும். கம்பி பதிக்கும் முன்னரே பின்னணி இரைச்சலை அளக்கச் சொல்லுங்கள். பாடகர் குழுவில் மின்கித்தார் இருந்தால் கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் அதன் பிக்கப்பும் ஒரு சுருள்தான், லூப்பை அதுவும் பிடித்து ஒலிபெருக்கியில் கக்கும். மேடைப்பகுதியை விட்டுக் கம்பியை ஓட்டலாம் என்று யோசனை வரும். அப்போது மேடையில் நிற்கும் வாசகருக்கோ போதகருக்கோ லூப் இல்லை என்றாகிவிடும். கித்தாரை நகர்த்துங்கள், அல்லது வெளிப்புலத்தைக் குறைவாகப் பிடிக்கும் இரட்டைச்சுருள் ஹம்பக்கர் பிக்கப்புக்கு மாற்றுங்கள்.

இதில் மிகக் கூர்மையான சிக்கல் கசிவு. சாதாரணச் சுற்றின் புலம் சுவரைத் தாண்டிப் பக்கத்து அறைக்கும் மாடிக்கும் போகும். கத்தோலிக்க ஆலயத்தில் ஒப்புரவு அருட்சாதனத்துக்கான பாவசங்கீர்த்தனத் தொட்டியில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் சிற்றறை) காது மந்தமானவருக்காகச் சிறு லூப் வைப்பது நல்ல எண்ணம். ஆனால் வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் டி-காயிலைத் திறந்து வைத்திருந்தால் உள்ளே சொல்லும் பாவம் அத்தனையும் அவர் காதில் விழும். பாவசங்கீர்த்தன இரகசியம் மீற முடியாதது. அங்கே அறைச்சுற்றைப் போடாதீர்கள். ஹெட்ஃபோன் இல்லாமல் கழுத்தில் மாட்டி டி-காயிலுக்கு ஒலி தரும் சிறு சுற்றான நெக்லூப், வயரில் மைக்கோடு இணைந்த சிறு ஆம்ப்ளிஃபயர், இவை போதும். அப்போதும் வெளியே ஒரு காதுக்கருவியோடு நின்று சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் லூப் வீணாவது மனிதப் பழக்கத்தால்தான். ஆம்ப்ளிஃபயரை யாரோ அணைத்திருப்பார்கள். இரண்டாம் வாசகம் மைக் இல்லாத இடத்தில் வாசிக்கப்படும். "எனக்குக் கணீர் குரல், மைக் வேண்டாம்" என்பார் ஒரு மூத்தவர். லூப்பில் இருப்பவருக்கு அந்தக் கணீர் குரல் முழு மௌனம். மன்றாட்டுகளைச் சபையார் தங்கள் இடத்திலிருந்தே சொன்னால் கையில் எடுத்துப்போகும் மைக் வேண்டும். காதுக்கருவியில் டி-காயில் இருந்தும் அதற்கான நிலையைச் செவித்திறன் நிபுணர் திறந்து வைக்காமல் விட்டிருப்பது சர்வசாதாரணம். ஆண்டுக்கு ஒருமுறையாவது அவரவர் நிபுணரிடம் கேட்டுத் திறந்துகொள்ளும்படி அறிவியுங்கள். ஒவ்வொரு ஆராதனைக்கும் முன் யாராவது ஒருவர் லூப் ரிசீவரோடு கூடத்தைச் சுற்றி வரட்டும், மூன்று நிமிட வேலை.

ரிசீவர் பெட்டியும் ஹெட்ஃபோனும் கொடுக்கும் எஃப்.எம். (வானொலி அலை) முறை மலிவு, கம்பி வேலையும் இல்லை. ஆனால் போய்க் கேட்க வேண்டும், கேட்கக் கூசுபவர் பலர். காதில் மாட்டும் கருவி அணிந்தவர் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டுத்தான் ஹெட்ஃபோன் போட முடியும். அறுவைசிகிச்சையில் உட்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் உள்ளவருக்குச் சாதாரண ஹெட்ஃபோனால் பெரும்பாலும் பயனில்லை, நெக்லூப் வேண்டும். அமெரிக்க அளவுப்படி 200 இருக்கைக்கு 8 ரிசீவர், அதில் குறைந்தது 2 காதுக்கருவியோடு இணைவதாக இருக்க வேண்டும். அகச்சிவப்பு முறை அறைச்சுவரைத் தாண்டாது என்பது அதன் பலம், நேர் வெயிலில் தடுமாறும் என்பது பலவீனம். பெரிய ஜன்னல்கள் உள்ள ஆலயத்துக்கு அது வேண்டாம்.

2022இல் அறிவிக்கப்பட்ட ஆராகாஸ்ட் புளூடூத் ஒலிபரப்பு எதிர்காலத்துக்கு உரியது. ஒரே கூடத்தில் மூலமொழி ஒரு சானலிலும் மொழிபெயர்ப்பு இன்னொன்றிலும் போகலாம். ஆனால் புதிய காதுக்கருவிகள்தான் பிடிக்கும்; சபையில் அதிகம் காது மந்தமானவர்கள் முதியவர்கள், அவர்கள் கருவி பழையது. இன்று கட்டுகிற கூடத்துக்கு எங்கள் சொல்: லூப்பைப் போடுங்கள், அதே மிக்ஸரின் இன்னொரு வெளியீட்டில் ஆராகாஸ்ட் பெட்டியையும் மாட்டுங்கள். லூப்புக்குப் பதிலாக இப்போதே வேண்டாம்.

ஓய்வுநாளும் மின்சாரமும்

மேலே சொன்ன பாதிப் பொருள்கள் ஆர்த்தடாக்ஸ் யூதக் கூடத்தில் சனிக்கிழமை பயன்படாது. அங்கே ஷபாத் எனப்படும் ஓய்வுநாளில் மைக் கிடையாது, மைக் இல்லாவிட்டால் லூப்பில் போக ஒலியும் இல்லை. வெள்ளி மாலைக்கு முன்பே போட்டுவைத்த காதுக்கருவியை அணிவதைப் பரவலாக அனுமதிக்கிறார்கள். ஆகவே செலவழிக்க வேண்டியது கட்டட ஒலியமைப்பில்: கடினமான பின்சுவருக்கு ஒலி உறிஞ்சும் பலகை, வாசிப்பவரின் முகத்தில் வெளிச்சம், உதட்டைப் படிப்பவருக்குப் பீமாவை ஒட்டிய இருக்கை. தடுப்புக்குப் பின்னாலோ மாடியிலோ உள்ள பெண்கள் பகுதியிலும் அதே மாதிரி அருகிருக்கை வேண்டும். இதை மறந்துவிட்ட திட்டங்கள் பல. காது மந்தமான பெண்ணுக்கு இரட்டைச் சுவர்.

மின்ஸ்கூட்டருக்கு ஒரு தீர்வு இருக்கிறது. மேற்குக் கரையில் உள்ள இஸ்ரேலியக் குடியிருப்பான அலோன் ஷ்வுத்தில் இயங்கும் சோமெத் நிறுவனம் 'கிராமா' எனப்படும் மறைமுக இயக்கத்தை வைத்து ஷபாத் ஸ்கூட்டர்களை உருவாக்கியிருக்கிறது. பொத்தான் நேரடியாக மின்சுற்றை மூடாது. கருவி தானாகவே அடிக்கடி பொத்தானின் நிலையைச் சோதித்துப் பார்க்கும், அந்தச் சோதனைதான் செயலைத் தூண்டும். அதனால் கட்டளைக்கும் செயலுக்கும் நடுவே தாமதம் வரலாம். வாங்கும் முன் சரிவிலும் கூட்டத்திலும் ஓட்டிப் பாருங்கள், பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று குறிப்பாகக் கேளுங்கள். எல்லா ரபிகளும் இதை ஏற்பதில்லை. ஏற்பவர்களும் தேவை உள்ளவருக்கு மட்டும் என்பார்கள். எந்தப் பொத்தானையும் தொடாமல் ஒவ்வொரு தளத்திலும் தானாக நிற்கும் ஷபாத் லிஃப்டிலும் இதே கதை. 2009இல் ரபி யோசேஃப் ஷலோம் எல்யாஷிவ் உள்ளிட்ட ஹரேதி (மிகக் கண்டிப்பான ஆர்த்தடாக்ஸ்) ரபிகள் அதற்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னார்கள். பணம் கொடுக்கும் முன் அந்தச் சபையின் ரபியிடம் எழுத்தில் வாங்குங்கள். இன்னொன்று: ஷபாத் அன்று சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தெருவில் போவதற்கே ஏருவ் எனப்படும் எல்லைக்கம்பி ஊரைச் சுற்றியிருக்க வேண்டும் என்று பார்ப்பவர்கள் உண்டு. கம்பி அறுந்த வாரத்தில் சிலர் வீட்டிலேயே அடைந்துகிடப்பார்கள். ஏருவைச் சோதிக்கும் பொறுப்பாளரின் வேலையும் அணுகல் வேலைதான்.

அப்பம்

கோதுமைப் புரதமான குளூட்டன் சேராத சீலியாக் நோயாளிக்கு நற்கருணை வாரந்தோறும் வரும் கலக்கம். கத்தோலிக்கத் திருச்சபை 2003இலும் 2017இலும் தெளிவாகச் சொல்லிவிட்டது: குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குறைந்த குளூட்டன் உள்ளது செல்லும். அமெரிக்காவில் மிசூரி மாநிலத்துக் கிளைடில் உள்ள பெனடிக்டின் சகோதரிகள் கோதுமை ஸ்டார்ச்சில் செய்யும் குறை-குளூட்டன் அப்பம் பரவலாகப் பயன்படுவது. அதன் குளூட்டன் அளவு 0.01 சதவீதம் என்று சொல்லப்பட்டது. பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனாலும் அவரவர் மருத்துவரிடம் கேட்டே தொடங்க வேண்டும். சாதாரண அப்பத்தைவிட மெல்லியது, எளிதில் ஒட்டிக்கொள்ளும், உடையும். பொட்டலத்தைக் குளிரில் வைத்து, வேண்டியதை மட்டும் எடுங்கள்.

பொருள் நல்லது, கெடுவது பரிமாறும் முறையில். ஒரே பாத்திரத்தில் சாதாரண அப்பத்தோடு சேர்த்து வைத்தால் தூளே போதும் நோய்க்கு. தனிச் சிமிழில் மூடி வைத்து, வாங்குபவரே திறந்து எடுக்கும்படி கொடுங்கள். நூறு பேருக்கு அப்பம் எடுத்த விரலால் தொட வேண்டாம். திராட்சை இரசத்தை மட்டும் பருகுவதாக இருந்தால் (திருச்சபைச் சட்டம் 925 அவசியமானால் இரச வடிவில் மட்டும் வழங்க அனுமதிக்கிறது) அப்பத்துண்டைப் போடாத தனிக் கிண்ணம் வேண்டும். குரு அப்பத்தைப் பிட்டு ஒரு துண்டை முதன்மைக் கிண்ணத்தில் இடுவார், அந்தக் கிண்ணம் சீலியாக் நோயாளிக்கு ஆகாது. மற்றவர் அப்பத்தைத் தோய்க்கும் கிண்ணமும் ஆகாது. விழுங்கச் சிரமப்படுபவருக்கு அப்பத்தின் ஒரு சிறு துணுக்கே நிறைவான நற்கருணை. முழுதும் வாயில் வைக்க வற்புறுத்தாதீர்கள்.

புராட்டஸ்டன்ட் சபைகளில் இந்தக் கட்டுப்பாடு பொதுவாக இல்லை. எல்லோருக்குமே அரிசி அப்பம் வைத்துவிடலாம், தனித் தட்டே வேண்டாம். தனித்தட்டு வைக்கிற சபைகளுக்கு எங்கள் கேள்வி: ஏன்?

பிரெய்ல் நூல்களைப் பற்றிக் குறை சொல்ல அதிகமில்லை. யூதர்களுக்கு 1931இல் தொடங்கிய ஜே.பி.ஐ. நூலகமும் கத்தோலிக்கருக்கு 1900இல் தொடங்கிய சேவியர் சங்கமும் இலவசமாகவே அனுப்புகின்றன. பருமன்தான் தொல்லை. முழு வேதாகமம் பல பெரிய தொகுதிகளாக வரும், ஒரு பெஞ்சில் வைக்க முடியாது. அந்தந்த வாரத்து வாசகத்தை மட்டும், புள்ளிகள் எழும்பி மாறும் மின்னணுப் பிரெய்ல் திரையில் ஏற்றுவது சுலபம். பாட்டுத்தாளின் கோப்பை மூன்று நாள் முன்னரே அனுப்பினால் போதும். படமாக ஸ்கேன் செய்து அனுப்பினால் திரை ஒன்றும் படிக்காது. எபிரெயு பிரெய்ல் இடமிருந்து வலமாக ஓடும் என்பதை அச்சகத்துக்குச் சொல்லிவிடுங்கள். பெரிய எழுத்துப் பிரதிக்கு 18 பாயின்ட் எழுத்தளவு, பளபளப்பில்லாத தாள், சுருள் கட்டு. தோரா வாசிப்பைச் சுருளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்பதால் பார்வையற்றவர் சுருளிலிருந்து வாசிக்க இயலாது. ஆனால் அவரை ஆசிமொழிக்கு அழைக்கலாம் என்பது பரவலான வழக்கம். வாசிக்க இயலாததைச் சாக்காகச் சொல்லி அழைக்காமல் விடுபவரிடம் இந்த வழக்கத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாகச் சைகைமொழிபெயர்ப்புச் சேவை. ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் இருவர் வேண்டும், சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். தனியாள் போதும் என்று ஒப்புக்கொள்ளும் நிறுவனத்தைத் தவிருங்கள், அரைமணிக்குப் பின் தரம் சரியும். பாட்டு, வாசகம், பிரசங்கக் குறிப்பு எல்லாம் சில நாள் முன்பே கையில் இருக்க வேண்டும். 'கிருபை', 'ஒப்புரவு' போன்ற சொற்களை அந்த இடத்தில் யோசிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளர் பேசுபவருக்கு அருகே நிற்கட்டும், பின்புறம் ஒரே நிறமாக இருக்கட்டும். மெழுகுவர்த்தி ஆராதனை என்று விளக்கை அணைத்தால் காது கேளாதவருக்கு ஆராதனையே அணைந்துவிடும், ஒரு விளக்கை மொழிபெயர்ப்பாளர் மேல் விட்டுவையுங்கள்.

இந்தச் சேவையை வாங்குபவர்கள் எல்லோரும் ஒரே திசையை மட்டும் யோசிக்கிறார்கள். பழைய யூதச் சட்டம் பேசாத காதுகேளாதவரைப் பொறுப்பேற்க இயலாதவர் வரிசையில் வைத்தது. அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் என்ற யூதப் பிரிவின் சட்டக்குழு 2011இல் ரபி பமேலா பார்மாஷ் எழுதிய தீர்ப்பை ஏற்று அதை மாற்றியது: காதுகேளாதவர் தோராவுக்கு அழைக்கப்பட்டால் ஆசிமொழியைச் சைகையில் சொல்லலாம், சைகைமொழியில் வழிபடும் கூட்டத்தில் தொழுகையையே நடத்தலாம். அப்படியானால் கேட்க முடிந்தவர்களுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சைகையில் பிரசங்கம் நடக்கும் நாளில் அவரை மேடையில் நிறுத்தாதீர்கள். முன்வரிசையில், பிரசங்கிப்பவரை நேருக்கு நேர் பார்த்தபடி, கையில் மைக்கோடு உட்கார வையுங்கள். அந்த மைக் லூப்போடு இணைந்திருக்கட்டும்.